ஒரே கணிப்பொறியில் இரண்டு இயக்க அமைப்புகள்



நெடுநாள் பயன்படுத்தாமல் விட்ட அடிபம்பை நீங்கள் அடித்துப் பார்த்திருக்கிறீர்களா? கைப்பிடியை எத்தனை முறை அழுத்தினாலும் வெறும் காற்றுதான் வரும். அப்போது வீட்டுப் பெரியவர்கள் என்ன செய்வார்கள்? ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்துப் பம்பின் தலையில் ஊற்றுவார்கள். உள்ளே காய்ந்து சுருங்கிக் கிடந்த தோல் வாஷர் நனைந்து உப்பி, குழாயின் சுவரோடு காற்றுப் புகாதபடி ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு நான்கு அடி அடித்தால் போதும், நிலத்தடி நீர் மேலேறி வந்துவிடும். தண்ணீர் எடுப்பதற்கே முதலில் கொஞ்சம் தண்ணீர் வேண்டியிருக்கிறது!

கணிப்பொறியின் கதையும் இதுவே. மையச் செயலகம் எந்த வேலையைச் செய்வதானாலும், அதற்கான நிரல் முதலில் நினைவகத்தில் இருக்க வேண்டும். ஆனால் மின்சாரத்தை நிறுத்தியதும் நினைவகம் காலியாகிவிடுகிறது. மறுநாள் பொத்தானை அழுத்தும்போது அங்கே ஒன்றுமே இல்லை. விண்டோஸ், லினக்ஸ் போன்ற பெரிய நிரல் தொகுப்புகள் எல்லாம் வட்டில் உறங்கிக் கொண்டிருக்கின்றன. வட்டில் உள்ளதை நினைவகத்துக்குக் கொண்டுவர ஒரு நிரல் வேண்டும். அந்த நிரலை யார் கொண்டு வருவது?

இங்கேதான் அந்த ஒரு சொம்புத் தண்ணீர் தேவைப்படுகிறது. கணிப்பொறியின் தாய்ப்பலகையில் ஒரு சிறிய சில்லு உண்டு. மின்சாரம் இல்லாவிட்டாலும் அதில் எழுதப்பட்ட நிரல் அழியாது. பொத்தானை அழுத்தியவுடன் மையச் செயலகம் முதலில் படிப்பது இந்தச் சில்லைத்தான். சில்லில் உள்ள சிறு நிரல் வட்டிலிருந்து சற்றுப் பெரிய நிரல் ஒன்றைக் கொண்டுவருகிறது. அந்த நிரல் முழு இயக்க அமைப்பையும் கொண்டுவருகிறது. சிறியது பெரியதை எழுப்பும் இந்தச் சங்கிலியைத்தான் 'பூட்' செய்தல் என்கிறோம்.

இந்தச் சங்கிலியின் நடுவில், 'உனக்கு எது வேண்டும்?' என்று கேட்கும் ஒரு கண்ணியைச் சேர்த்துவிட்டால் என்ன ஆகும்? ஒரே கணிப்பொறி காலையில் விண்டோஸாகவும் மாலையில் லினக்ஸாகவும் எழுந்திருக்கும்! இது எப்படி நடக்கிறது, இதை எவ்வாறு பத்திரமாகச் செய்வது என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

ஏன் இரண்டு வேண்டும்?

இயக்க அமைப்பு என்பது கணிப்பொறியின் வீட்டு நிர்வாகி. நினைவகத்தில் எந்த நிரலுக்கு எவ்வளவு இடம், மையச் செயலகத்தின் நேரத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு, வட்டில் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, விசைப்பலகையில் தட்டியது யாருக்குப் போக வேண்டும் என்பதையெல்லாம் அது தீர்மானிக்கிறது. இந்த நிர்வாகிக்கு ஒரு பிடிவாதம் உண்டு. வன்பொருள் முழுவதும் தன் பொறுப்பில் இருப்பதாக எண்ணியே அது வேலை செய்யும். எனவே இரண்டு இயக்க அமைப்புகள் ஒரே நேரத்தில் ஒரே வன்பொருளை நேரடியாக ஆள முடியாது. ஒன்று உறங்கும்போது மற்றது விழித்திருக்கலாம்.

(ஒரு நிர்வாகியின் கீழ், போலிக் கணிப்பொறி ஒன்றை நிரலாலேயே உருவாக்கி, அதற்குள் மற்றொரு நிர்வாகியை ஓடவிடும் முறையும் உண்டு. ஐ.பி.எம். நிறுவனம் 1972-ஆம் ஆண்டிலேயே தன் பெரிய கணிப்பொறிகளுக்கு இதை வெளியிட்டது. ஆனால் இரு நிர்வாகிகளும் ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொள்ள வேண்டியிருப்பதால், நினைவகம் குறைந்த பழைய கணிப்பொறிகள் இதில் திணறிப் போகும்.)

பலருக்கு இரண்டும் தேவைப்படுகின்றன. பள்ளிப் பணிகளுக்கும் சில விளையாட்டுகளுக்கும் விண்டோஸ் வேண்டியிருக்கிறது. நிரல் எழுதக் கற்பவர்களுக்கும் அறிவியல் கணக்கீடு செய்பவர்களுக்கும் லினக்ஸ் பெரும் துணை. உலகின் மிக வேகமான 500 கணிப்பொறிகளின் பட்டியலில் உள்ள அத்தனையும் 2017 நவம்பர் முதல் லினக்ஸில்தான் ஓடுகின்றன. உங்கள் வீட்டு ஆண்ட்ராய்டு கைப்பேசியின் கருவும் லினக்ஸ்தான்.

இன்னொரு காரணம் பணத்தைப் பற்றியது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக் கொண்டது. விண்டோஸ் 11-க்கு 'டி.பி.எம். 2.0' என்ற பாதுகாப்பு அமைப்பு முதலிய சில தகுதிகள் வேண்டும். நல்ல நிலையில் உள்ள பல பழைய கணிப்பொறிகளில் அவை இல்லை. அப்படிப்பட்ட பொறியைப் பழைய இரும்புக் கடையில் போடுவதற்கு முன், அதில் லினக்ஸை ஏற்றிப் பார்க்கலாம் அல்லவா? இணையத்துக்கு லினக்ஸையும், பழைய நிரல்களுக்கு மட்டும் விண்டோஸையும் பயன்படுத்தினால் அந்தப் பொறி இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும்.

இது நம் ஊருக்குப் புதிதும் அன்று. 2011-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணிப்பொறிகளை வழங்கத் தொடங்கியபோது, அவற்றில் விண்டோஸோடு 'பாஸ்' என்ற லினக்ஸும் சேர்ந்தே இருந்தது. பாஸ், மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் தயாரிப்பு. பொறியைத் திறந்ததும் 'இதுவா, அதுவா?' என்று கேட்ட அந்தப் பட்டியலை உங்கள் அண்ணன்மாரும் அக்காமாரும் பார்த்திருப்பார்கள்.

வட்டுக்குள் ஒரு பாகப்பிரிவினை

இரண்டு நிர்வாகிகளை ஒரே வட்டில் குடியேற்ற வேண்டுமானால், முதலில் வட்டைப் பங்கிட வேண்டும். கிராமத்தில் அண்ணன் தம்பிகள் நிலத்தைப் பிரித்துக்கொள்வதை எண்ணிப் பாருங்கள். நடுவில் ஒரு வரப்பைப் போடுகிறார்கள். எது எவருடையது என்று பத்திரம் எழுதுகிறார்கள். வட்டில் வரப்பு கிடையாது. பத்திரம் மட்டுமே உண்டு! 'இந்தத் துண்டிலிருந்து இந்தத் துண்டு வரை முதற்பாகம், அங்கிருந்து இதுவரை இரண்டாம் பாகம்' என்று ஓர் அட்டவணையில் எழுதி வைப்பதோடு பிரிவினை முடிந்துவிடுகிறது.

வட்டு முழுவதும் 'செக்டர்' எனப்படும் சிறு துண்டுகளாக எண்ணப்படுகிறது. மரபுப்படி ஒரு துண்டின் அளவு 512 பைட்டுகள். பழைய முறையில் வட்டின் முதல் துண்டுதான் எல்லாவற்றுக்கும் தலைவாசல். அந்த 512 பைட்டுகள் எப்படிச் செலவிடப்பட்டன என்று பாருங்கள்:

முதல் 446 பைட்டுகள்: கணிப்பொறியை எழுப்பும் சிறு நிரல்.
அடுத்த 64 பைட்டுகள்: பாகப்பிரிவினை அட்டவணை. ஒரு பாகத்துக்கு 16 பைட்டுகள். ஆக 4 பாகங்கள்.
கடைசி 2 பைட்டுகள்: கையெழுத்து. அதன் மதிப்புகள் 85, 170.

446 + 64 + 2 = 512. கணக்குச் சரியாகிறது. அந்தக் கையெழுத்தை இரும எண்ணில் எழுதிப் பாருங்கள். 85 என்பது 01010101. 170 என்பது 10101010. ஒன்றும் சுழியும் மாறி மாறி வரும் அழகான கையெழுத்து!

1983-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். கணிப்பொறிகளில் வந்த இந்த ஏற்பாட்டில் இரண்டு குறைகள் இருந்தன. ஒன்று, நான்கு பாகங்களுக்கு மேல் நேரடியாகப் பிரிக்க இயலாது. மற்றொன்று, துண்டின் எண்ணைக் குறிக்க 32 பிட்டுகள் மட்டுமே ஒதுக்கப்பட்டிருந்தன. 32 பிட்டுகளால் எழுதத்தக்க எண்கள் 429 கோடிக்குச் சற்று மேல். அதை 512-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 2.2 இலட்சம் கோடி பைட்டுகள். வட்டு அதைவிடப் பெரிதானால், எஞ்சிய பகுதிக்குப் பத்திரத்தில் எண் போட வழியில்லை.

எனவே 'ஜி.பி.டி.' என்ற புதிய அட்டவணை வந்தது. அதில் வழக்கமாக 128 பாகங்களுக்கு இடம் உண்டு. துண்டு எண்ணுக்கு 64 பிட்டுகள். அதைவிடச் சிறப்பு, அட்டவணையின் நகல் ஒன்று வட்டின் கடைக்கோடியிலும் எழுதி வைக்கப்படுகிறது. மூலப் பத்திரம் வீட்டில் எரிந்துபோனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் இருப்பதுபோல!

இதற்கேற்பத் தாய்ப்பலகைச் சில்லின் நிரலும் வளர்ந்தது. இன்றைய சில்லு நிரலுக்கு 'யு.இ.எஃப்.ஐ.' என்று பெயர். அது முதல் துண்டின் 446 பைட்டு நிரலை எதிர்பார்ப்பதில்லை. வட்டில் இதற்கென்றே ஒதுக்கப்பட்ட ஒரு சிறு பாகத்துக்குள் சென்று, ஒவ்வோர் இயக்க அமைப்பும் தனித்தனி அடைவில் வைத்திருக்கும் தொடக்க நிரலை அதுவே தேடி எடுக்கிறது. ஆகவே இரண்டு அமைப்புகளும் ஒன்றை ஒன்று அழிக்காமல் அடுத்தடுத்து இருக்க முடிகிறது.

லினக்ஸ் கொண்டுவரும் தொடக்க நிரல்களில் 'கிரப்' என்பது மிகவும் பரவலானது. அதன் முழுப்பெயருக்கு 'மகா ஒருங்கிணைந்த தொடக்கி' என்று பொருள் சொல்லலாம். இயற்பியலில் விசைகளை இணைக்க முயலும் 'மகா ஒருங்கிணைப்புக் கொள்கை'யை அந்தப் பெயர் நினைவூட்டுகிறது. திரையில் பட்டியலைக் காட்டி, உங்கள் விருப்பத்தைக் கேட்டு, அதன்படி லினக்ஸையோ விண்டோஸையோ எழுப்புவது இந்தக் கிரப்தான்.

ஹெல்சிங்கியில் நடந்த விபத்து

லினக்ஸ் பிறந்த கதையிலேயே இந்தப் பாகப்பிரிவினைக்கு ஒரு பங்கு உண்டு. 1991-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் ஒரு புதிய கணிப்பொறி வாங்கினார். 386 வகைச் செயலகம். நினைவகம் 4 மெகாபைட். அதில் 'மினிக்ஸ்' என்ற இயக்க அமைப்பை ஏற்றினார். அது பேராசிரியர் ஆண்ட்ரூ டானென்பாம் தம் மாணவர்களுக்குப் பாடம் சொல்ல எழுதியது.

வீட்டிலிருந்து தொலைபேசி வழியே பல்கலைக்கழகக் கணிப்பொறியோடு பேசுவதற்காக லினஸ் சொந்தமாக ஒரு நிரல் எழுதத் தொடங்கினார். அது வளர்ந்து வளர்ந்து ஓர் இயக்க அமைப்பாகவே மாறிக்கொண்டிருந்தது. அந்த நாள்களில் ஒருமுறை, தொலைபேசி எண்ணைச் சுழற்றும் கட்டளையை மோடத்துக்கு அனுப்புவதற்குப் பதிலாக, மினிக்ஸ் இருந்த வட்டுப் பாகத்துக்கே தவறுதலாக அனுப்பிவிட்டார். வட்டு என்ன செய்யும்? வந்ததை அப்படியே எழுதிக்கொண்டது. மினிக்ஸ் பாழாயிற்று.

மினிக்ஸை மறுபடியும் ஏற்றுவதா, தாம் எழுதியதையே நம்பி முன்னே செல்வதா என்ற கேள்வி எழுந்தது. லினஸ் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தார். அது அவருக்கு நன்மையாக முடிந்தது. உலகத்துக்கும் நன்மையாக முடிந்தது. ஆனால் எல்லா விபத்துகளும் அப்படி முடிவதில்லை. என் அனுபவத்தையே சொல்லுகிறேன்.

நான் செய்த பிழை

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் துறை ஆய்வகத்தில் ஒரு கணிப்பொறிக்கு லினக்ஸ் ஏற்ற வேண்டியிருந்தது. முதுகலை மாணவி ஒருவர் அதில்தான் தம் செய்முறை அளவீடுகளைச் சேர்த்து வைத்திருந்தார். இதைப் பலமுறை செய்தவன் என்ற துணிச்சலில், விண்டோஸ் பாகத்தைச் சுருக்கும் வேலையை நான் நேரே தொடங்கிவிட்டேன்.

பாகத்தைச் சுருக்குவது என்றால் என்ன? வயலின் கடைசிப் பகுதியில் இருக்கும் பயிரையெல்லாம் பிடுங்கி, முன்பகுதியில் காலியாக உள்ள இடத்தில் நட்டுவிட்டு, பிறகு பத்திரத்தைத் திருத்துவது போன்றது. பாதிப் பயிர் இடம் மாறியிருக்கும்போது மின்சாரம் போய்விட்டது. அந்தப் பொறிக்கு யு.பி.எஸ். இணைப்பு இல்லை. மின்சாரம் திரும்பியபோது, கோப்புகள் ஓரிடத்திலும் அவற்றின் முகவரிகள் வேறிடத்திலும் கிடந்தன. எத்தனையோ மீட்பு நிரல்களை ஓட்டிப் பார்த்தேன். அவருடைய அளவீடுகள் திரும்பவே இல்லை.

அந்த மாணவி கோபப்படவில்லை. "நகல் எடுத்து வைத்தீர்களா சார்?" என்று மட்டும் கேட்டார். எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. நல்லவேளையாக, பாதி அளவீடுகளைத் தம் குறிப்பேட்டில் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். மீதிப் பாதியை மறுபடி எடுக்க அவருக்குப் பதினோரு நாள்கள் ஆயின. அத்தனை நாளும் நான் அவரோடு ஆய்வகத்தில் உட்கார்ந்திருந்தேன் என்பது பெருமைக்குரிய செய்தி அன்று. நான் செலுத்திய அபராதம்.

உங்கள் வீட்டுக் கணிப்பொறியில் என்ன இருக்கிறது? தாத்தாவின் கடைசிப் பிறந்தநாள் படங்கள் இருக்கலாம். அப்பாவின் கடைக் கணக்கு இருக்கலாம். பொறி போனால் வேறொன்று வாங்கலாம். இவை போனால் எந்தக் கடையிலும் கிடைக்கா. ஆகவே இனி வரும் படிகளில் முதற்படியைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

படிப்படியாகச் செய்யும் முறை

முதற்படி: நகல். அழியக்கூடாத கோப்புகள் அனைத்தையும் வேறொரு வட்டில் அல்லது பென்டிரைவில் நகல் எடுங்கள். எடுத்தபின், அந்த நகலை வேறொரு கணிப்பொறியில் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத நகல், நகல் ஆகாது. பொறி வீட்டாருக்கும் பொது என்றால், அவர்களிடம் சொல்லி ஒப்புதல் பெற்ற பிறகே அடுத்த படிக்குச் செல்லுங்கள்.

இரண்டாம் படி: பூட்டும் சாவியும். இப்போதைய பல மடிக்கணிப்பொறிகளில் வட்டில் உள்ளவை மறைகுறியாக்கப்பட்டிருக்கும். தொடக்க முறையில் மாறுதல் செய்தால், விண்டோஸ் சந்தேகப்பட்டு 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அந்தச் சாவி எங்கே இருக்கிறது என்று முன்னதாகவே கண்டுபிடித்துக் காகிதத்தில் எழுதி வையுங்கள். கூடவே விண்டோஸின் 'விரைவுத் தொடக்கம்' என்ற வசதியையும் நிறுத்திவிடுங்கள். அது இயங்கும்போது, பொறியை நிறுத்தினாலும் விண்டோஸ் முழுமையாக நிற்பதில்லை. தன் நிலையை வட்டில் எழுதிவைத்துவிட்டு அரைத்தூக்கத்தில் இருக்கிறது. அந்த நேரத்தில் லினக்ஸ் வந்து விண்டோஸ் பாகத்தில் எதையாவது எழுதினால் குழப்பம் நேரும்.

மூன்றாம் படி: இடம் ஒதுக்குதல். விண்டோஸ் பாகத்தை விண்டோஸைக் கொண்டே சுருக்குவது நல்லது. தன் கோப்புகள் எங்கெங்கே உள்ளன என்பது அதற்குத்தான் நன்கு தெரியும். 256 கிகாபைட் வட்டானால் 50 அல்லது 60 கிகாபைட்டை விடுவிக்கலாம். உபுண்டு போன்ற லினக்ஸுக்கு 25 கிகாபைட்டாவது வேண்டும். விடுவித்த இடத்தைக் காலியாகவே விட்டுவிடுங்கள். மடிக்கணிப்பொறியானால் மின்னேற்றியைச் செருகி வையுங்கள். மேசைக் கணிப்பொறியானால் யு.பி.எஸ். இல்லாமல் தொடாதீர்கள். இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு!

நான்காம் படி: பென்டிரைவ் தயாரித்தல். லினக்ஸ் தொகுப்பை அதன் அதிகாரப்பூர்வமான தளத்திலிருந்து இறக்குங்கள். பல கிகாபைட் அளவுள்ள கோப்பு இது. வழியில் ஒரு பிட் மாறினாலும் தொல்லை. இதைச் சோதிக்க, கோப்புடன் ஒரு நீண்ட எண்ணை வெளியிட்டிருப்பார்கள். 256 பிட் நீளமுள்ள அதைப் பதினாறடிமான எண்ணாக 64 எழுத்துகளில் எழுதியிருப்பார்கள். உங்கள் கோப்புக்கும் அதே எண் வருகிறதா என்று கணக்கிட்டுப் பாருங்கள். பின்பு அதற்கான நிரலைக் கொண்டு, குறைந்தது 8 கிகாபைட் கொண்ட பென்டிரைவில் எழுதுங்கள். பென்டிரைவில் முன்பு இருந்தவை அழிந்துவிடும் என்பதை மறவாதீர்கள்.

ஐந்தாம் படி: ஒத்திகை. பென்டிரைவைச் செருகி, பொறியைத் தொடங்கும்போது எஃப் 12, எஃப் 2, எஸ்கேப் போன்ற விசைகளுள் உங்கள் பொறிக்கு உரியதை அழுத்தினால், எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும். பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள். வட்டைத் தொடாமலேயே லினக்ஸ் நினைவகத்தில் எழுந்து நிற்கும். வை-ஃபை கிடைக்கிறதா, ஒலி வருகிறதா, தமிழில் தட்டச்சு செய்ய முடிகிறதா என்று பாருங்கள். இங்கே எது வேலை செய்யவில்லையோ, அது ஏற்றிய பிறகும் சிரமம் தரக்கூடும். பிடிக்கவில்லையென்றால் பென்டிரைவை எடுத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். பொறி பழையபடி இருக்கும்.

ஆறாம் படி: குடியேற்றம். நிறுவும் நிரல் ஒரு முக்கியமான கேள்வியைக் கேட்கும். 'விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவு' என்பது ஒரு வழி. 'வட்டு முழுவதையும் அழித்துவிட்டு நிறுவு' என்பது மற்றொரு வழி. இரண்டும் ஒரே திரையில், ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும்! அவசரத்தில் கை தவறுவது இங்கேதான். உறுதி செய்யும் பொத்தானை அழுத்துமுன், எந்தப் பாகத்தில், எத்தனை கிகாபைட்டில் எழுதப்போகிறது என்று அந்தத் திரை சொல்லுவதை நிதானமாகப் படியுங்கள். மூன்றாம் படியில் நீங்கள் விடுவித்த அளவோடு அது பொருந்த வேண்டும். பொருந்தவில்லையென்றால் நிறுத்திவிடுங்கள், அதுவரை வட்டில் ஒன்றும் எழுதப்பட்டிருக்காது.

இவ்வளவும் முடிந்து பொறியை மறுபடி தொடங்கினால், கிரப் தன் பட்டியலை நீட்டும். வாழ்த்துகள்! இனி உங்கள் மேசையில் இருப்பது ஒரு பொறிக்குள் இரண்டு கணிப்பொறிகள்.

ஐந்தரை மணி நேரம் எங்கே போயிற்று?

சில நாள்களில் ஒரு விந்தையைக் காண்பீர்கள். லினக்ஸில் வேலை செய்துவிட்டு விண்டோஸுக்குத் திரும்பினால் கடிகாரம் தப்பாகக் காட்டும். காலை 10 மணிக்கு விண்டோஸ் அதிகாலை 4.30 என்று சொல்லும். சரியாக 5 மணி 30 நிமிடம் பின்தங்கியிருக்கும். பொறி பழுதாகிவிட்டதா? இல்லை.

தாய்ப்பலகையில் நாணயம் போன்ற ஒரு சிறு மின்கலத்தைப் பார்த்திருப்பீர்கள். பொறி நின்றிருக்கும்போதும் ஒரு கடிகாரத்தை அது ஓட்டுகிறது. அந்தக் கடிகாரத்தின் குவார்ட்ஸ் படிகம் பொதுவாக வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. ஏன் இந்த விநோதமான எண்? 2-இன் 15-ஆம் அடுக்கு 32,768. பதினைந்து முறை பாதியாக்கினால் சரியாக வினாடிக்கு ஒரு துடிப்புக் கிடைக்கும்!

படிகத்தில் தவறில்லை, அது காட்டும் மணியை இரு நிர்வாகிகளும் வெவ்வேறாகப் பொருள் கொள்கிறார்கள். லினக்ஸ் வழக்கமாக அந்தக் கடிகாரத்தில் உலகப் பொதுநேரத்தை எழுதிவைக்கிறது. நம் காலை 10 மணி என்பது பொதுநேரப்படி 4.30. அதைப் படிக்கும் விண்டோஸோ, அது உள்ளூர் நேரம் என்று எண்ணி அப்படியே 4.30 என்று காட்டுகிறது.

இந்திய நேரம் கிழக்குத் தீர்க்கரேகை 82½ பாகையைக் கொண்டு வகுக்கப்பட்டது. பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. 82½-ஐ 15-ஆல் வகுத்தால் 5½. காணாமற்போன ஐந்தரை மணி நேரம் பூமியின் சுழற்சியில் கிடைத்துவிட்டது! லினக்ஸின் அமைப்புகளில் 'தாய்ப்பலகைக் கடிகாரம் உள்ளூர் நேரத்தில் உள்ளது' என்று சொல்லிவிட்டால் இரு நிர்வாகிகளுக்கும் சமரசம் ஏற்பட்டுவிடும்.

பட்டியல் காணாமற்போனால்

ஒருநாள் கிரப் பட்டியல் வராமல் நேரே விண்டோஸ் எழக்கூடும். லினக்ஸ் அழிந்துவிட்டதென்று பதறாதீர்கள். பெரும்பாலும் அதன் பாகம் அப்படியேதான் இருக்கும்; எழுப்பும் வரிசை மட்டும் மாறியிருக்கும். யு.இ.எஃப்.ஐ. அமைப்புக்குள் சென்று வரிசையைத் திருத்தினால் போதும். அதுவும் பலிக்காவிட்டால், நான்காம் படியில் தயாரித்த பென்டிரைவிலிருந்து தொடங்கிக் கிரப்பை மறுபடி எழுதலாம். எனவே அந்தப் பென்டிரைவை அழிக்காமல் வைத்திருங்கள்.

2024 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ஒரு பாதுகாப்புப் புதுப்பிப்பினால், இரண்டு அமைப்புகள் கொண்ட சில பொறிகளில் லினக்ஸ் தொடங்க மறுத்தது. பழைய தொடக்க நிரல்களில் இருந்த பலவீனத்தை அடைக்க முயன்றதால் நேர்ந்த வினை அது. ஒரே வீட்டில் இருவர் குடியிருந்தால் ஒருவர் பூட்டை மாற்றும்போது மற்றவர் வெளியே நிற்க நேர்வதும் உண்டு! அன்று சொந்தக் கோப்புகளின் நகல் வைத்திருந்தவர்களுக்கு அது ஒரு மாலை நேரத் தொல்லையாக முடிந்திருக்கும்.

உங்களுக்கு ஒரு பயிற்சி

கணிப்பொறியைத் தொடாமலேயே தொடங்கலாம். ஒரு வரைதாளில் 256 கட்டங்கள் வரையுங்கள். ஒரு கட்டம் ஒரு கிகாபைட். உங்கள் வீட்டுப் பொறியின் வட்டில் எத்தனை பாகங்கள் உள்ளன, ஒவ்வொன்றும் எத்தனை கிகாபைட் என்று விண்டோஸின் வட்டு மேலாண்மைத் திரையில் பார்த்து வண்ணம் தீட்டுங்கள். அங்கே எதையும் மாற்றாமல் பார்வையிட்டாலே போதும். சில நூறு மெகாபைட்டே உள்ள, எழுத்துப்பெயர் இல்லாத ஒரு சின்னஞ்சிறு பாகத்தைக் காண்பீர்கள். அது ஏன் அங்கே இருக்கிறது என்பதற்கான விடை இந்தக் கட்டுரையிலேயே இருக்கிறது, கண்டுபிடியுங்கள்.

வரைபடம் முடிந்ததும், அழியக்கூடாத கோப்புகளின் பட்டியலை அதன் கீழே எழுதுங்கள். அவற்றுக்கு நேரே, நகல் எங்கே இருக்கிறது என்றும் எழுதுங்கள். நகல் இல்லாத ஒரு வரியேனும் இருக்கும்வரை மூன்றாம் படிக்குச் செல்லாதீர்கள். ஏனென்றால், "நகல் எடுத்து வைத்தீர்களா?" என்று உங்களை ஒருவர் கேட்கும் நாளில், நான் நின்றதுபோல் நீங்களும் வாயடைத்து நிற்கக் கூடாது அல்லவா?